தேனீப் பிசின் சொட்டும் சர்க்கரை மாத்திரையும்

காங்கயத்துக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய தந்தையாருக்கு வயது 58. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையிலும் இரவிலும் எடுத்துக்கொள்கிறார். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி கடைசியாக 8.1 இருந்தது, டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பும் இடுப்புச் சுற்றளவும் கூடுதல். கண்காட்சி ஒன்றில் 30 மில்லி புரோபோலிஸ், அதாவது தேனீப் பிசின், சொட்டை 900 ரூபாய்க்கு விற்றவர், "மூணு மாசம் குடுங்க, அப்புறம் மாத்திரையை மெதுவா விட்டுரலாமுங்க" என்று சொல்லியிருக்கிறார். வாங்கி வந்த புட்டி இன்னும் திறக்கப்படவில்லை. தோப்பில் ஐந்து தேனீப் பெட்டிகள் இருப்பதால், அவற்றிலிருந்தே அந்தப் பிசினைச் சுரண்டி எடுத்துக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார். கடிதத்துக்கு "புரோபோலிஸ் உடம்புக்கு நல்லதா" என்று தலைப்பிட்டிருந்தாலும், அவருக்குத் தெரியவேண்டியவை மூன்று: இது மாத்திரையின் இடத்தைப் பிடிக்குமா, பிடிக்காதென்றால் மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பதில் பலன் உண்டா, அந்தப் பலனைத் தம் தோப்பிலேயே எடுத்துக்கொள்ள முடியுமா.

நான் மருத்துவன் அல்லன். மருந்தியல் கல்லூரி ஒன்றில் தாவர மருந்துப் பொருள்களைப் பற்றி 26 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கோபிசெட்டிப்பாளையத்தை அடுத்து வாய்க்கால் ஓரத்துத் தோட்டத்தில் 14 ஆண்டுகளாகத் தேனீ வளர்க்கிறேன். ஆகவே பிசின் என்ன, அதை எப்படிச் சாறாக்குகிறார்கள், அதில் எப்படிக் கலப்படம் செய்கிறார்கள் என்பனவற்றை நான் உறுதியாகச் சொல்ல முடியும். மனிதர்களிடம் நடந்த சோதனைகளைப் படித்து எடைபோடவும் ஓரளவு பழகியிருக்கிறேன். உங்கள் தந்தையாருக்கு எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்பது என் எல்லைக்கு வெளியே இருப்பது. அதை அவரைப் பார்க்கும் மருத்துவரே சொல்லவேண்டும்.

தமிழில் 'பிசின்' என்ற ஒரே சொல் இரண்டு வேறுபட்ட பொருள்களைக் குறிப்பதால் தொடக்கத்திலேயே ஒரு குழப்பம் நேர்கிறது. கருவேலம் பிசினும் ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசினும் நீரை ஏற்பவை. வேதியியல்படி அவை சர்க்கரைச் சங்கிலிகள். குங்கிலியமும் மட்டிப்பாலும் அப்படியல்ல. எத்தனை நாள் ஊறவைத்தாலும் நீரில் கரையாமல் சாராயத்தில் கரைபவை, தணலில் இட்டால் மணத்தோடு புகைபவை. தேனீ சேகரிப்பது இந்த இரண்டாம் வகையை. மர மொட்டுகளிலும் தளிர்களிலும் பட்டைக் காயங்களிலும் கசியும் பிசுபிசுப்பைத் தாடையால் கடித்தெடுத்து, மகரந்தம் சுமக்கும் பின்னங்கால் கூடையில் வைத்துக் கொண்டுவந்து, மெழுகோடு சேர்த்துக் கூட்டின் இடுக்குகளை அடைக்கிறது. கூட்டுக்குள் புகுந்து செத்துப்போன சுண்டெலியை இழுத்து வெளியே போட முடியாதபோது, அதன்மேல் இந்தப் பிசினைப் பூசி அழுகாமல் மூடிவைப்பதும் உண்டு. புரோபோலிஸ் என்ற கிரேக்கப் பெயருக்கு 'நகருக்கு முன்னால்' என்று பொருள். கூட்டின் வாசலைக் குறுக்குவதற்கும் இதைப் பயன்படுத்துவதால் வந்த பெயர். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கில் இதில் ஏறக்குறைய பாதி பிசின், 30 விழுக்காடு மெழுகு, 10 விழுக்காடு மணமுள்ள எண்ணெய்கள், மீதி மகரந்தமும் பிறவும்.

இதுவரை சொன்னவை ஐயமற்றவை. இனி வருவதும் ஐயமற்றதுதான். ஆனால் விற்பவர் எவரும் சொல்லாதது. புரோபோலிஸ் என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. தேனீ எந்த மரத்திலிருந்து எடுத்ததோ அந்த மரத்தின் வேதிப்பொருள்களே அதில் இருக்கும். ஐரோப்பாவிலும் சீனாவிலும் பாப்லர் என்ற மரத்தின் மொட்டிலிருந்து எடுக்கிறது. அந்தப் பிசினில் பினோசெம்பிரின், கிரைசின், கலாஞ்சின் போன்ற, ஃபிளேவனாய்டு என்னும் தாவரப் பொருள்களும், சுருக்கமாகக் கேப் என்று அழைக்கப்படும் கஃபியிக் அமில எஸ்டரும் மிகுதி. பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸ் பக்காரிஸ் என்னும் புதரின் தளிரிலிருந்து வருவது. அதன் முதன்மைப் பொருள் ஆர்ட்டிபில்லின்-சி. அதே நாட்டின் சிவப்புப் புரோபோலிஸ் கடலோரச் சதுப்பில் வளரும் டால்பெர்ஜியா என்னும் புதரினுடையது, அதில் ஐசோஃபிளேவன்கள். இவற்றை ஒரே பெயரால் அழைத்து, ஒன்றில் கண்ட பலனை மற்றொன்றின் மேல் ஏற்றிச் சொல்வது, ஈரோட்டு மஞ்சளை ஆராய்ந்து கிடைத்த முடிவைக் கஸ்தூரி மஞ்சளுக்கும் எழுதிவைப்பதைப் போன்றது. காங்கயத்து வெட்டாரவெளியில் வேம்பும் வெள்வேலும் தென்னையும் இருக்கும். பாப்லரும் பக்காரிஸும் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் புரோபோலிஸ் பற்றிய நலக் கூற்றுகளை ஏற்க மறுத்தபோது அடிப்படையாகக் காட்டிய காரணமும் இதுவே: எந்தப் பொருளைப் பற்றிய கூற்று என்பதே போதிய அளவு வரையறுக்கப்படவில்லை.

தோப்பிலுள்ள பெட்டிகளின் கேள்விக்கு இங்கேயே விடை சொல்லிவிடலாம். உங்கள் பெட்டிகள் சிறிய நியூட்டன் பெட்டிகள் என்றால் அவற்றில் இருப்பது நம் நாட்டு அடுக்குத் தேனீயாகத்தான் இருக்கும். அந்தத் தேனீ புரோபோலிஸ் சேர்ப்பதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அதன் பழக்கம் வேறு. இடுக்குகளை மெழுகாலேயே பூசிக்கொள்ளும். நான் தேனீ வளர்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் சட்டங்களின் ஓரத்தைச் சுரண்டி ஒரு பிடி மஞ்சள் உருண்டை சேர்த்து, சாராயத்தில் ஊறவைத்து, வடிகட்டி உலர்த்திப் பார்த்தேன். குப்பியின் அடியில் மிஞ்சியது விரல் நகத்தால் கீறி எடுக்கும் அளவுக்கும் தேறவில்லை. முழுவதும் மெழுகு. இருபத்தாறு ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியவன் அதைச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கமும் உண்டு.

புரோபோலிஸைத் தாராளமாகச் சேர்ப்பது இத்தாலியத் தேனீ. 1990களின் தொடக்கத்தில் தாய் சேக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனபின் இத்தாலியத் தேனீ நம் பக்கம் பரவியது. மூலனூர், தாராபுரம் பக்கத்து முருங்கைக் காடுகளிலும் சூரியகாந்தி வயல்களிலும் பத்துச் சட்டம் கொண்ட பெரிய பெட்டிகளை வண்டியில் கொண்டுவந்து வைப்பவர்களிடம் இருப்பது பெரும்பாலும் அதுதான். அந்தப் பெட்டியிலும் ஆண்டுக்கு நூறு கிராமை ஒட்டித்தான் கிடைக்கும். அதையும் உளியால் சுரண்டினால் மரத்தூளும் தேனீக் கால்களும் பழைய வண்ணப்பூச்சும் சேர்ந்து வரும். முறையாக எடுப்பவர்கள் பெட்டியின் மேல் நெருக்கமான துளைகள் கொண்ட நெகிழி வலையை வைக்கிறார்கள். தேனீ அந்தத் துளைகளை அடைக்கும். பிறகு வலையை உறைபெட்டியில் வைத்தெடுத்து வளைத்தால் பிசின் கண்ணாடிச் சில்லைப் போல நொறுங்கி விழும். நம் சித்திரை வெயிலில் அதே பிசின் கையில் அல்வாவாக ஒட்டும். ஆகவே ஐந்து நாட்டுத் தேனீப் பெட்டிகளிலிருந்து உங்களுக்குக் கிடைக்கக்கூடியது தேனும் மெழுகும், தோப்புக்கு மகரந்தச் சேர்க்கையும் ஆகும், புரோபோலிஸ் கிடைக்காது.

பழைய தொட்டிக்கட்டு வீட்டு மண்சுவரிலோ கிணற்றுக் கல் இடுக்கிலோ கூடு கட்டும், கொட்டாத இனமான கொசுத்தேனீயைப் பற்றி அடுத்த கேள்வி வரும் என்பதால் அதையும் சொல்கிறேன். கொசுத்தேனீ பிசினை மிகுதியாகச் சேர்ப்பதுதான். அதன் கூடே மெழுகும் பிசினும் கலந்த கலவையால் ஆனது, வாசலில் நீட்டியிருக்கும் குழலும் அதுவே. ஆனால் அதன் பிசின் எந்த மரத்தினுடையது என்பது கூட்டுக்குக் கூடு மாறும்; இத்தாலியத் தேனீயின் பிசினைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவை அதற்குப் பொருத்த முடியாது. ஆஸ்திரேலியா, மலேசியா, பிரேசில் நாடுகளின் கொட்டாத தேனீக்களின் தேனில் டிரெகாலுலோஸ் என்னும், மெதுவாகச் செரிக்கும் சர்க்கரை மிகுதியாக இருப்பதை 2020இல் கண்டறிந்தார்கள். அதைப் படித்துவிட்டு, "கொசுத்தேன் சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது" என்று சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தத் தேனும் சர்க்கரைதான். அந்த நாட்டு இனங்களுக்குச் சொன்னது நம் கொசுத்தேனீக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு ஒரு சர்க்கரை நோயாளி கரண்டியைத் தூக்கக்கூடாது.

இனி மனிதர்களிடம் நடந்த சோதனைகள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 80 பேரைக் கொண்டு ஜப்பானில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பிரேசில் பச்சைப் புரோபோலிஸ் நாளுக்கு 226.8 மில்லிகிராம் எட்டு வாரம் கொடுக்கப்பட்டது. இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை, அதாவது இன்சுலின் எதிர்ப்பு, குறையவில்லை. யூரிக் அமிலமும் சிறுநீரக வடிகட்டும் திறனும் மோசமாகாமல் நின்றன என்பது மட்டுமே கிடைத்த பலன். சீனாவில் அதே பச்சை வகையை நாளுக்கு 900 மில்லிகிராமாக உயர்த்தி 18 வாரம் கொடுத்து 2016இல் வெளியிட்டார்கள். இரத்தச் சர்க்கரையிலும் எச்பிஏ1சியிலும் இன்சுலினிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, ஆக்சிஜனேற்றத் தடுப்பைக் காட்டும் சில அளவுகள் மட்டும் தேறின. இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஈரான் ஆய்வுகள் நிற்கின்றன. 2017இல் வெளியான ஒன்றில் நாளுக்கு 900 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சியும் குறைந்தன. 2019இல் வெளியான மற்றொன்றில் 94 பேருக்கு ஈரானியப் புரோபோலிஸை நாளுக்கு 1000 மில்லிகிராம் வீதம் 90 நாள் கொடுத்தபோதும் குறைந்தன. இப்படிப்பட்ட ஆறு சோதனைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்த 2019ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு, எச்பிஏ1சி சராசரியாக அரைப் புள்ளி அளவும் வெறும் வயிற்றுச் சர்க்கரை சுமார் 13 மில்லிகிராமும் குறைவதாகக் கண்டது.

அரைப் புள்ளி என்பதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. உண்மையாகவே குறைந்தால் அது பயனுள்ள குறைவுதான். ஆனால் மெட்ஃபார்மின் பொதுவாக ஒரு புள்ளியிலிருந்து ஒன்றரைப் புள்ளி வரை குறைப்பது, பல பத்தாண்டுகளாக எண்ணற்ற நோயாளிகளிடம் பார்க்கப்பட்டது. மேலும், நான் சொன்ன சோதனைகளில் பங்கேற்றவர்கள் தங்கள் வழக்கமான சர்க்கரை மருந்தை நிறுத்திவிட்டுப் பிசினுக்கு மாறியவர்கள் அல்லர். மருந்தோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். மாத்திரையை மெதுவாக விட்டுவிடலாம் என்று உங்களிடம் சொன்னவருக்கு இந்தச் சோதனைகளில் ஒன்றுகூடச் சாட்சி சொல்லாது. நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 1954 முதல் இருக்கிறது. அதன் பட்டியலில் உடல் பருமனும் இரத்த அழுத்தமும்கூட உண்டு. வாய்ச்சொல்லாக விற்பதும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதே, ஆனால் அதை நிரூபிப்பது கடினம் என்பதுதான் கண்காட்சிக் கடைகளின் வசதி.

ஏன் ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் பலிக்கவில்லை என்பது ஐயத்துக்குரிய பகுதி. மரம் வேறு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். தொடக்கத்தில் சர்க்கரை கட்டுப்பாடின்றி இருந்தவர்களிடம் எந்தச் சிறு உதவியும் பெரிதாகத் தெரியும் என்பது இன்னொன்று. சில பத்துப் பேர் கொண்ட சிறு ஆய்வுகளில் பலித்தவை அச்சேறுவதும் பலிக்காதவை அலமாரியில் தங்கிவிடுவதும் எல்லாத் துறையிலும் உள்ள பழக்கம். தொகுப்பாய்வின் சராசரியைப் படிக்கும்போது இதை மனத்தில் வைக்கவேண்டும். என் சொந்தக் கணிப்பு, உண்மையான பலன் அந்த அரைப் புள்ளியைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது. டிரைகிளிசரைடு, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றுக்கான சான்று இன்னும் மெலிந்தது. சிலி நாட்டில் 90 நாள் சொட்டாகக் கொடுத்த ஆய்வில் நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் உயர்ந்தது. அதைக் கொண்டு டிரைகிளிசரைடு குறையும் என்று நான் எழுதமாட்டேன்.

செயல்படும் விதம் பற்றி விற்பனைத் தாள்களில் வண்ணப் படங்கள் இருக்கும். செல்களை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் கேப் என்ற பொருள் அழற்சியைத் தூண்டும் பாதையை அடக்குவதும், மாவுச்சத்தை உடைக்கும் குடல் நொதியைப் பிசின் சாறு தடுப்பதும் உண்மையே. எலிகளிலும் சர்க்கரை குறைகிறது. ஆனால் அந்த எலிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டிரெப்டோசோட்டோசின் என்ற நஞ்சைச் செலுத்திக் கணையச் செல்களை அழித்துச் சர்க்கரையை வரவழைத்திருப்பார்கள். ஐம்பது வயதுக்குமேல் இடுப்பு பெருத்து இன்சுலின் வேலை செய்யாமல் வரும் நம் வீட்டுச் சர்க்கரை அது அன்று. கிரைசின் போன்ற ஃபிளேவனாய்டுகள் வாய்வழி கொடுத்தால் இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்கின்றன என்பதையும் அந்தப் படங்கள் காட்டுவதில்லை.

இப்போது அந்தப் புட்டிக்கு வருவோம். பெயர்ச்சீட்டில் '10 விழுக்காடு' என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சாதகமாகவே எடுத்துக்கொண்டு, 100 மில்லியில் 10 கிராம் பிசின், அதாவது ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருப்பதாக வைப்போம். முழுப் புட்டியிலும் 3000 மில்லிகிராம். ஈரானில் பலித்ததாகச் சொன்ன 900 மில்லிகிராமை நாள்தோறும் கொடுப்பதென்றால் இந்தப் புட்டி மூன்று நாளும் கொஞ்சமும் வரும். மாதத்துக்கு ஒன்பது புட்டி, 8100 ரூபாய். சீட்டில் சொல்லியிருப்பதோ காலையும் மாலையும் பத்துச் சொட்டு. இருபது சொட்டு என்பது நீரானால் ஒரு மில்லி, சாராயமானால் அதில் பாதி. ஆகவே உங்கள் தந்தையாருக்கு நாளொன்றுக்குப் போய்ச் சேர்வது 50 முதல் 100 மில்லிகிராம். பலிக்காத ஜப்பான் அளவில்கூடப் பாதியை எட்டாது. அந்தப் பத்து விழுக்காடு மெழுகோடு சேர்த்த எடையா, மெழுகு நீக்கிய சாற்றின் எடையா என்பதைச் சீட்டு சொல்லவில்லை என்றால் இந்தக் கணக்கும் பாதியாகக் குறையும். எச்பிஏ1சியை அரைப் புள்ளி குறைக்கும் ஆசையில் மாதம் எட்டாயிரம் செலவிடுவதா, அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதா என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை.

நல்ல சரக்கு என்றால் எந்த நாட்டு, எந்த மரத்துப் பிசின், ஒரு மில்லியில் மெழுகு நீக்கிய சாறு எவ்வளவு, மொத்த ஃபிளேவனாய்டு எவ்வளவு, கரைப்பான் எது, ஈயமும் பூச்சிக்கொல்லி எச்சமும் பார்க்கப்பட்டனவா ஆகிய ஐந்தும் சீட்டிலோ சோதனைச் சான்றிலோ இருக்கவேண்டும். பெட்டியில் உண்ணிக்கு வைக்கும் மருந்துகள் கொழுப்பில் கரைபவை என்பதால் தேனைவிட மெழுகிலும் பிசினிலும்தான் தங்கும்; ஈயம் கலந்த பழைய பூச்சும் சாலையோரத்துத் தாரும்கூடத் தேனீயின் காலில் ஒட்டிவரும். பாப்லர் மொட்டை நேராகவே காய்ச்சி வடித்துப் புரோபோலிஸ் என்று விற்கும் மோசடி சீனாவில் அறியப்பட்ட ஒன்று. 'தேனில் கலந்த புரோபோலிஸ்' என்று வருவதைச் சர்க்கரை நோயாளி தொடவே வேண்டாம். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. வீட்டிலேயே சாறு எடுக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மருந்துக் கடையில் புண் துடைக்க விற்கும் ஸ்பிரிட் குடிப்பதற்காக ஆனதன்று, குடிக்கமுடியாதபடி நஞ்சு கலந்து விற்பது. அதில் ஊறவைத்த சொட்டை உள்ளுக்குக் கொடுத்தால் கண்ணும் உயிரும் போகக்கூடும்.

தீங்குகளில் மிகவும் உறுதியானது ஒவ்வாமை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இத்தாலியத் தேனீ வைத்திருந்த ஒருவருக்கு இரண்டு கை விரல்களும் வெடித்து நீர் வடிந்தன. சிமென்ட் வேலைக்குப் போனதால் என்று எண்ணி ஒரு வருடம் களிம்பு போட்டுக்கொண்டிருந்தார். பெட்டி திறக்கும் மாதங்களில் மட்டும் அதிகமாவதைக் கவனித்த பிறகுதான் தோல் மருத்துவர் பிசினைச் சோதித்தார். ஐரோப்பாவில் தோல் ஒவ்வாமைக்கு வழக்கமாகச் சோதிக்கும் பொருள்களின் பட்டியலிலேயே புரோபோலிஸ் இருக்கிறது. உள்ளுக்குச் சாப்பிட்டால் உதடு வீங்குவதும் வாயில் புண் வருவதும் நேரும். தேனீ கொட்டி மூச்சு திணறிய வரலாறு உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. புரோபோலிஸை உட்கொண்டவருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததாகத் தைவானிலிருந்து 2005இல் ஒரு தனி நோயாளியின் விவரம் வெளியானது; ஒற்றை நிகழ்வைக் கொண்டு எல்லோரையும் அச்சுறுத்த முடியாது, ஆனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏற்கெனவே கூடுதலாக இருப்பவருக்கு அதை நினைவூட்டுவேன். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது. உங்கள் தந்தையாரின் மாத்திரையில் கிளிமிப்பிரைடு இருக்கிறது. அது தனியாகவே சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகக் கூடியது. பிசின் உண்மையாகவே வேலை செய்தால், அந்தத் தாழ்நிலை ஒரு நாள் மதிய வெயிலில் தோப்பு நடுவில் வரலாம். வேலை செய்யாவிட்டால் பணம் மட்டும் போகும். இரண்டில் எது நடந்தாலும் முதலில் தெரியவேண்டியவர் மருத்துவர்.

எகிப்தில் நடந்த ஓர் ஆய்வைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ஏனெனில் அதுதான் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் பட்டது. சர்க்கரை நோயோடு ஈறு நோயும் உள்ள 50 பேருக்குப் பல் மருத்துவர் ஈறைச் சுத்தம் செய்த பின், ஒரு பாதிப் பேருக்கு மட்டும் நாளுக்கு 400 மில்லிகிராம் புரோபோலிஸ் ஆறு மாதம் கொடுத்தார்கள். அவர்களுக்கு எச்பிஏ1சி ஏறக்குறைய ஒரு புள்ளி குறைந்தது. 2016இல் வெளியான இந்த முடிவைப் பிசினின் வெற்றியாக எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு அதில் தெரிவது ஈறு. கிருமிகளை அடக்குவதில் புரோபோலிஸின் வேலை சர்க்கரையைக் குறைப்பதைவிட நன்கு நிறுவப்பட்டது. வாயில் உள்ள நாட்பட்ட அழற்சி அடங்கினால் சர்க்கரை ஓரளவு இறங்குவது பிசின் இல்லாமல் ஈறு சிகிச்சை மட்டும் நடந்த பல ஆய்வுகளிலும் காணப்பட்டது. உங்கள் தந்தையார் பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, வெற்றிலை போடும் பழக்கம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். 900 ரூபாயை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால், பல் மருத்துவரிடம் போய் ஈறைச் சுத்தம் செய்துகொண்டு வரச் சொல்வேன்.

உணவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒன்று மட்டும். மதியம் தட்டு நிறைய அரிசியும்பருப்புஞ்சோறு சாப்பிட்டுவிட்டு அதன்மேல் பத்துச் சொட்டு விடுவதால், அந்தச் சோறு எழுப்பும் சர்க்கரையைத் தடுக்க முடியாது. ராகிக் களிக்கு மாறுவதாயினும் அளவு பாதியாக இருந்தால்தான் பொருள் உண்டு.

புட்டியைத் திறக்காமல் வைத்திருப்பது நல்ல முடிவு. 8.1 என்பது மாத்திரையின் அளவையோ வகையையோ திரும்பப் பார்க்கவேண்டிய எண்; முதலில் அதற்காக மருத்துவரிடம் போங்கள், போகும்போது புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் பார்த்துவிட்டு ஆட்சேபம் இல்லை என்று சொல்லி, உங்கள் தந்தையாருக்கும் விருப்பம் இருந்தால், மாத்திரையில் ஒன்றும் குறைக்காமல், முதலில் ஒரே ஒரு சொட்டை நீரில் கலந்து கொடுத்து, இரண்டு நாள் வாயும் தோலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகு தொடரலாம். சர்க்கரையைக் குறைக்கும் அளவு அதில் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே கொடுங்கள். சொட்டு கொடுக்கும் மூன்று மாதத்தில் மாத்திரையின் அளவையும் உணவையும் சேர்த்து மாற்றினால், எது குறைத்தது என்பது யாருக்கும் தெரியாமல் போகும். பெரும்பாலும் பெயர் புட்டிக்குத்தான் போகும். ஆகவே மருந்து மாற்றம் நிலைத்த பின் ஒரு எச்பிஏ1சி பார்த்துக்கொண்டு, அந்தப் பரிசோதனைச் சீட்டின் பின்புறத்தில் சொட்டு தொடங்கிய தேதியை எழுதி, அதிலிருந்து 12 வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடியும் பாருங்கள்.